கட்ச் சமஸ்தானத்தின் கோரி நாணயத் தொகுப்பு: வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

மேற்கு இந்தியாவின் கடைக்கோடியில், ஒரு புறம் கடலும் மறுபுறம் ரண் என்னும் உப்புவெளியும் சூழ்ந்திருந்த கட்ச் சமஸ்தானம், இந்திய ஒன்றியத்தோடு இரண்டறக் கலக்கும்வரை தனக்கென்று ஒரு நாணயத்தை வைத்திருந்தது. நாடு முழுவதும் பிரிட்டிஷ் இந்திய ரூபாய் புழங்கிய காலத்திலும், ஜடேஜா ராஜபுத்திரர்கள் ஆண்ட அந்தச் சமஸ்தானத்தின் கடைத்தெருவில் கணக்கு கோரியில்தான் நடந்தது. அந்தக் கோரிகளையும் அவற்றின் சில்லறைச் செப்புக் காசுகளையும் காலவரிசையில் அடுக்கி, 16 நாணயங்கள் கொண்ட ஒரு தொகுப்பாக, ஆல்பமும் சிறு கையேடும் சேர்த்து குஜராத்தைச் சேர்ந்த வணிகர் ஒருவர் அஞ்சலில் விற்பனை செய்கிறார். அதை வாங்கிப் பல மாதங்கள் கையில் வைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். நாணயங்களுக்காக இந்தத் தொகுப்பைத் தாராளமாக வாங்கலாம். ஆல்பத்தையோ கையேட்டையோ நம்பி வாங்க வேண்டாம். இப்படிச் சொல்வதற்கான காரணம், கட்ச் சமஸ்தானத்தின் வரலாறு அதன் நாணயங்களில் எந்த முறையில் பதிந்திருக்கிறது என்பதோடு பிணைந்தது. ஆகையால் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்குமுறை. ஒரு கோரிக்கு 24 தோக்டா. ஒரு தோக்டாவுக்கு 2 திராம்பியோ. ஒன்றரை தோக்டா மதிப்புள்ள காசுக்கு திங்லோ என்று பெயர். மேலே இரண்டரைக் கோரி, ஐந்து கோரி என்ற வெள்ளி நாணயங்கள் இருந்தன. ஒரு கோரியின் எடை ஏறத்தாழ 4.7 கிராம், அதில் வெள்ளி சுமார் 60 விழுக்காடு. 100 ரூபாய்க்கு 379 கோரி என்பது பிரிட்டிஷ் காலத்து மாற்று விகிதமாகப் பதிவாகியிருக்கிறது. ஒரு கோரியிலுள்ள தூய வெள்ளியையும் ஒரு ரூபாயிலுள்ள தூய வெள்ளியையும் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட அதே விகிதமே வருகிறது. அதாவது, இது அரச மரியாதைக்காக வெறுமனே அச்சடித்துக் காட்டிய காசு அல்ல; உள்ளிருக்கும் உலோகத்தின் மதிப்பில் நின்ற காசு. இந்த விளக்கம் கையேட்டின் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அங்கே இருப்பதோ அரசர்களின் பட்டியல் மட்டுமே.

தொகுப்பின் முதல் நாணயம் கையால் அடித்த பழைய கோரி. தடித்த சிறிய வெள்ளித் துண்டு. அச்சு பெரிது, துண்டு சிறிது என்பதால் எழுத்தின் ஒரு பகுதிதான் விழுந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் தேவநாகரியில் ராவின், அதாவது கட்ச் அரசரின், பெயர் இருக்கிறது. மறுபக்கத்தில் தேய்ந்து சிதைந்த அரபு எழுத்தில் இருப்பது குஜராத்தின் கடைசி சுல்தான் மூன்றாம் முசாஃபர் ஷாவின் பெயரும், 978 என்ற ஹிஜ்ரி ஆண்டும். அந்த ஆண்டு 1570-71ஐக் குறிக்கும். அக்பரின் படைகள் 1572-73இல் குஜராத்தை வென்று சுல்தானின் ஆட்சியை முடித்துவிட்டன. பின்னர் தப்பி ஓடிய முசாஃபர் ஷா பல இடங்களில் அலைந்து இறுதியில் கட்சில் அடைக்கலம் தேடினார். முகலாயர்களின் நெருக்கடியில் ராவ் முதலாம் பார்மல்ஜி அவரைக் காட்டிக்கொடுக்க, பிடிபட்ட அவர் 1590களின் தொடக்கத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவரைக் கையளித்த அரச குடும்பம், அவர் பெயரையும் அதே ஆண்டையும் தன் காசில் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டே இருந்தது. வணிகர்களுக்குப் பழகிய முத்திரையை மாற்றினால் காசின் மேல் உள்ள நம்பிக்கை குலையும் என்பதுதான் இதற்கு ஏற்கத்தக்க விளக்கமாக எனக்குத் தோன்றுகிறது. ஜாம்நகரைத் தலைநகராகக் கொண்ட நவாநகர் சமஸ்தானத்தின் கோரியிலும் இதே சுல்தானின் பெயர்தான் உண்டு. அந்த அரச மரபும் ஜடேஜா கிளைதான். 1540இல் கட்சிலிருந்து வெளியேறிய ஜாம் ராவல் நிறுவியது.

இந்த ஒரு நாணயம் நல்ல நிலையில் கிடைத்தாலே தொகுப்புக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு தேறிவிடும். எனக்கு வந்ததில் இரு பக்க எழுத்தும் வாசிக்கக்கூடிய அளவுக்கு இருந்தது. ஆனால் ஆல்பத்தில் அதைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு நாணயத்தையும் நீல வெல்வெட் பதித்த குழியில் இறுக்கமாகப் பொருத்தி, மேலே ஒளிபுகும் தாளை ஒட்டியிருக்கிறார்கள். தேவநாகரிப் பக்கம் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. பாரசீகப் பக்கம் வெல்வெட்டுக்குள் புதைந்து கிடக்கிறது. வேறு எந்தச் சமஸ்தானத்து நாணயமாக இருந்தாலும் இதைச் சிறு குறையென்று விட்டுவிடலாம். கட்ச் நாணயத்தில் அப்படி விட முடியாது. ஏனென்றால் இந்த நாணயங்களின் கதையே இரண்டு பக்கங்களுக்கும் இடையில்தான் இருக்கிறது. தேவநாகரிப் பக்கத்தில் ராவ் அப்படியே இருக்கிறார். பட்டங்கள் நீளுகின்றன, அவ்வளவுதான். மறுபக்கத்தில் மேலாண்மை செலுத்தியவர்களின் பெயர் சுல்தானிலிருந்து பாதுஷாவுக்கும், பாதுஷாவிலிருந்து இங்கிலாந்து ராணிக்கும், ராணியிலிருந்து அரசர்களுக்கும் மாறிக்கொண்டே போகிறது. அந்த மாற்றத்தை மறைக்கும் ஆல்பம், தொகுப்பின் பாதியை மறைக்கிறது.

நான் எல்லா நாணயங்களையும் வெளியே எடுத்து, இரு பக்கமும் தெரியும் அட்டைச் சட்டகங்களில் வைத்துவிட்டேன். அப்படி வைத்து வரிசையாகத் திருப்பிப் பார்க்கும்போதுதான் வரலாறு பிடிபடத் தொடங்குகிறது.

பூஜ் 1549இல் முதலாம் கெங்கார்ஜியின் தலைநகரானது. அவருக்குப் பின் வந்த முதலாம் பார்மல்ஜி 1617இல் அகமதாபாதில் ஜஹாங்கீரைச் சந்தித்தார். மெக்கா செல்லும் யாத்ரீகர்களுக்கு வழிவசதி செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் கட்ச் திறை செலுத்துவதிலிருந்து விலக்குப் பெற்றது. நாணயம் அடிக்கும் உரிமையும் அப்போதுதான் உறுதியானது என்று கட்ச் மரபு சொல்கிறது. மாண்டவி துறைமுகத்தை வைத்திருந்தவர்களிடம் ஒரு முகலாயப் பேரரசர் பணத்தைவிடக் கப்பலைக் கேட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நிலத்தில் மழை பொய்த்தாலும் கடல் கைவிடாத நாடு அது. பிற்காலத்தில் கட்ச் வணிகர்கள் மஸ்கட்டிலும் சான்சிபாரிலும் பெருவணிகம் செய்தார்கள். சான்சிபாரின் சுங்க வசூலையே நெடுங்காலம் குத்தகைக்கு எடுத்திருந்தவர்கள் அவர்கள். கையேடு மாண்டவியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறது. ஒரு நாணயத்தின் கதையைச் சொல்ல வந்தவர் அது புழங்கிய துறைமுகத்தை இப்படிக் கடந்து போகலாகாது.

18ஆம் நூற்றாண்டில் லக்பத்ஜியின் காலம் வருகிறது. ஐரோப்பியக் கைத்தொழில்களைக் கற்று வந்த ராம்சிங் மாலம் என்ற கைவினைஞரைக் கொண்டு பூஜில் ஆயினா மஹாலைக் கட்டியவரும், வட இந்தியக் கவிதை மொழியான பிரஜ்பாஷையில் கவிதை இயற்றக் கற்றுத்தரும் பாடசாலையை நிறுவியவரும் இவர்தான். இவருடைய கோரி தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் தேய்மானம் மிகுதி, சொல்ல அதிகமில்லை.

அடுத்த திருப்பம் 1819. அதற்கு முந்தைய சில பத்தாண்டுகள் கட்சுக்கு நல்ல காலமல்ல. மூன்றாம் ராயதனின் ஆட்சிக் குழப்பத்தில் பன்னிருவர் குழு ஒன்று நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. அவர்களுள் ஃபதே முகமது என்ற தளபதி 1813இல் இறக்கும்வரை நாட்டின் உண்மையான ஆட்சியாளராக இருந்தார். பின்னர் இரண்டாம் பார்மல்ஜியைக் கிழக்கிந்தியக் கம்பெனி பதவியிலிருந்து இறக்கி, அவருடைய சிறுவயது மகன் இரண்டாம் தேசல்ஜியை அரியணையில் அமர்த்தியது. அதே ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் கட்சைக் குலுக்கியது. சிந்திரி கோட்டை நீரில் மூழ்கியது. ரண்ணின் வட பகுதியில் நிலம் மேலெழுந்து நீண்ட கரையாக நின்றது. அந்தக் கரையை இன்றும் அல்லா பந்த் என்றே மக்கள் அழைக்கிறார்கள். அக்டோபரில் கம்பெனியுடன் புதிய உடன்படிக்கை கையெழுத்தானது. நிலமும் அரசும் ஒரே ஆண்டில் உருமாறிய இந்தக் காலகட்டத்தைக் கையேடு ஒரு பத்தியில் ஓரளவு நன்றாகவே எழுதியிருக்கிறது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன்.

ஆனால் நாணயம் சொல்வது கையேட்டில் இல்லை. ஆட்சி நடைமுறையில் கம்பெனியின் பிடிக்குள் போன பிறகு, தேசல்ஜியின் கோரியில் ஏறியது கம்பெனியின் பெயர் அல்ல. தில்லியில் ஓய்வூதியத்தில் வாழ்ந்துகொண்டிருந்த முகலாய பாதுஷா இரண்டாம் அக்பரின் பெயரும், பின்னர் பகதூர் ஷாவின் பெயரும். முகலாயர் வலிமையோடு இருந்த காலத்தில் குஜராத் சுல்தானின் பெயர். முகலாயர் வலிமையிழந்த காலத்தில் முகலாயர் பெயர். காசில் இருக்கும் பெயரை வைத்து அதிகாரம் எங்கே இருந்தது என்று முடிவு செய்பவர்கள் கட்ச் விஷயத்தில் ஏமாந்துபோவார்கள். 1857க்குப் பிறகுதான் அந்தப் பக்கத்துக்கு விக்டோரியா ராணி வருகிறார். இந்தத் தொகுப்பில் பகதூர் ஷா பெயரிலான கோரியும் விக்டோரியா பெயரிலான கோரியும் அடுத்தடுத்து இருக்கின்றன. வரிசைப்படுத்தியவர் தெரிந்தே செய்திருந்தால் மிக நல்ல தேர்வு அது.

1860இலிருந்து 1875 வரை ஆண்ட இரண்டாம் பிராக்மல்ஜியின் காலத்தில் நாணயத்தின் தோற்றமே மாறிவிடுகிறது. எந்திர அச்சின் ஒழுங்கு வருகிறது. வட்டம் வட்டமாகவும் எழுத்து முழுமையாகவும் விழுகிறது. 25, 50, 100 கோரி மதிப்பில் தங்க நாணயங்களையும் அவர் வெளியிட்டார். அவை தொகுப்பில் இல்லை. இந்த விலைக்கு அவற்றை எதிர்பார்க்கவும் கூடாது. பூஜின் பிராக் மஹாலைக் கட்டத் தொடங்கியவரும் அவரே. கர்னல் ஹென்றி செயின்ட் வில்கின்ஸ் வடிவமைத்த அந்த அரண்மனையின் பணி அவர் மறைவுக்குப் பின்னரே நிறைவேறியது.

அவருடைய மகன் மூன்றாம் கெங்கார்ஜி, 1942 வரை 66 ஆண்டுகள் அரியணையில் இருந்தவர். குஜராத்தின் மிகப் பழைய அருங்காட்சியகமாகிய கட்ச் அருங்காட்சியகம் 1877இல் தோன்றியதும், துணா துறைமுகத்தையும் அஞ்சாரையும் இணைத்த ரயில் பாதை 1905இல் வந்து பின்னர் பூஜ் வரை நீண்டதும், காண்ட்லாவில் துறைமுக வேலை தொடங்கியதும் இவர் காலத்தில்தான். தொகுப்பில் பாதிக்கு மேல் இவருடைய நாணயங்களே. அதில் வியப்பில்லை; அதிகம் கிடைப்பவையும் அவையே. ஐந்து கோரி நாணயம் கைக்குக் கனமாக, சுமார் 13.9 கிராம் எடையோடு, தரமான வெள்ளியில் இருக்கிறது. சமஸ்தானங்களின் நாணயங்களில் இவ்வளவு நேர்த்தியான எழுத்தமைப்பை நான் அதிகம் கண்டதில்லை. உருவப்படம் எதுவும் கிடையாது, எழுத்து மட்டுமே. ஒரு பக்கம் பாரசீக எழுத்தில் பேரரசரின் பெயரும் பூஜ் நாணயச்சாலையின் பெயரும் கிறித்தவ ஆண்டும். மறுபக்கம் தேவநாகரியில் மகாராஜாதிராஜ், மிர்சா மகாராவ் என்று தொடங்கும் பட்டங்களும் விக்கிரம ஆண்டும் (கிறித்தவ ஆண்டைவிட 56 அல்லது 57 கூடுதலாக வரும் இந்து நாட்காட்டிக் கணக்கு). மிர்சா என்பது முகலாயர் அளித்த பட்டம். முகலாயர் மறைந்து, பேரரசர் மாறி, ரயிலும் வந்த பிறகும் அது காசிலிருந்து இறங்கவில்லை.

தொகுப்பில் நான் அதிக நேரம் செலவிட்டது 1936ஆம் ஆண்டின் இரண்டு நாணயங்களோடு. பிரிட்டிஷ் அரசர் எட்டாம் எட்வர்ட் அந்த ஆண்டு ஜனவரி 20 அன்று அரியணை ஏறி, டிசம்பர் 11 அன்று முடி துறந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் ரூபாயில் அவர் பெயர் புழக்கத்துக்கு வரவே இல்லை. ஆனால் பூஜ் நாணயச்சாலை காத்திருக்கவில்லை. அவர் பெயரில் கோரியும், இரண்டரைக் கோரியும், ஐந்து கோரியும், மூன்று தோக்டா செப்புக் காசும் அடித்துவிட்டது. இந்தியச் சமஸ்தானங்களில் ஜோத்பூரும் அவர் பெயரில் காசு வெளியிட்டது. உலகெங்கும் எட்டாம் எட்வர்டின் நாணயங்களைத் தேடி அலையும் சேகரிப்பாளர்கள் கட்ச் கோரியில் வந்து நிற்பதற்கு இதுவே காரணம். இன்னொரு நுட்பமும் உண்டு. கட்சில் புத்தாண்டு ஆஷாடம் என்னும் சந்திர மாதத்தின் வளர்பிறை இரண்டாம் நாளில் பிறக்கிறது. ஆதலால் 1936 என்ற ஒரே கிறித்தவ ஆண்டுக்குள் விக்கிரம ஆண்டு 1992உம் 1993உம் வருகின்றன. இரண்டு ஆண்டு எண்களோடும் காசுகள் இருக்கின்றன. ஒரு வருடம்கூட நிலைக்காத ஒரு பேரரசரின் ஆட்சிக்குள் ஒரு கட்ச் புத்தாண்டு பிறந்திருக்கிறது. இந்தத் தொகுப்பில் இரண்டு எண்களும் ஒவ்வொன்று வந்திருக்கின்றன. விற்பனையாளர் இதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. இரண்டையும் 'ஒரே நாணயம், இரு பிரதிகள்' என்று குறித்திருக்கிறார். தம்மிடம் இருக்கும் சரக்கின் சிறப்பு அவருக்கே தெரியவில்லை என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

கடைசி வரிசை கெங்கார்ஜிக்குப் பின் வந்த விஜயராஜ்ஜியுடையதும் அவருக்கு அடுத்த மதன்சிங்ஜியுடையதும். உலகப் போர்க் காலத்துச் செப்புக் காசுகளில் சிலவற்றுக்கு நடுவில் துளை இருக்கிறது. உலோகத்தை மிச்சப்படுத்தும் அந்த வழியை அப்போது பிரிட்டிஷ் இந்தியக் காலணாவும் பின்பற்றியது. 1947 ஆகஸ்டில் கட்ச் இந்தியாவுடன் இணைந்தது. 1948 தொடக்கத்தில் விஜயராஜ்ஜி மறைந்து மதன்சிங்ஜி மகாராவ் ஆனார். மே 4 அன்று நிர்வாகத்தை ஒப்படைக்கும் உடன்படிக்கை கையெழுத்தாகி, ஜூன் 1 முதல் கட்ச் தலைமை ஆணையரின் கீழ் ஒரு மாகாணமானது. அந்தச் சில மாதங்களுக்குள் பூஜ் நாணயச்சாலை மதன்சிங்ஜியின் பெயரில் விக்கிரம ஆண்டு 2004 இட்ட கோரிகளை வெளியிட்டது. முசாஃபர் ஷா, இரண்டாம் அக்பர், பகதூர் ஷா, விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் என்று வந்துகொண்டிருந்த பாரசீக எழுத்து அதில் இல்லை. அதற்குப் பதிலாக தேவநாகரியில் 'ஜெய் ஹிந்த்' என்று பொறித்திருக்கிறது. சமஸ்தானம் தன் முடிவை எட்டிய நேரத்தில் அடித்த காசு அது. அந்த எழுத்தும் வெல்வெட்டுக்குள்தான் புதைந்திருந்தது.

கையேட்டின் பிழைகளில் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக் கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். பூஜைத் தலைநகராக்கிய கெங்கார்ஜியையும் 1942இல் மறைந்த கெங்கார்ஜியையும் ஓரிடத்தில் ஒருவராகவே எழுதியிருக்கிறார்கள். விக்கிரம ஆண்டிலிருந்து எப்போதும் 57ஐக் கழிக்கச் சொல்கிறார்கள். விக்கிரம ஆண்டின் பிற்பாதிக்கு 56தான் சரி. காசின் மறுபக்கத்தில் கிறித்தவ ஆண்டு பாரசீக எண்களில் தெளிவாகவே இருக்கும்போது, இந்தக் கழித்தலுக்கே தேவை இல்லை. அந்தப் பத்து எண்களின் வடிவங்களை ஒரு சிறு அட்டவணையாகக் கொடுத்திருந்தால், தமிழ் வாசகர் உட்பட எவரும் அரை மணி நேரத்தில் ஆண்டைப் படிக்கக் கற்றுக்கொண்டிருப்பார்.

நாணயங்களின் உண்மைத்தன்மையில் எனக்கு ஐயம் இல்லை. ஒவ்வொன்றையும் நிறுத்தேன், எல்லாம் எதிர்பார்த்த எடைக்குள் இருந்தன. வார்ப்புப் போலிகளில் விளிம்பைச் சுற்றி ஓடும் பொருத்துக்கோடு எதிலும் இல்லை. கோரியில் வெள்ளி குறைவு என்பதால் தேய்ந்த இடங்களில் இலேசான செம்பு நிறம் தெரிய வேண்டும்; அதுவும் தெரிகிறது. இரண்டு குறைகள் உண்டு. ஓர் ஐந்து கோரியைப் பளபளக்கத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். பழைய வெள்ளியின் சாயல் போய்விட்டால் அது திரும்பாது, சேகரிப்பாளரிடம் மதிப்பும் பாதியாகும். மற்றொரு கோரியின் விளிம்பில், மாலையில் கோக்க வைத்த காதை எடுத்து மறைத்த தடம் இருக்கிறது. விற்பனையாளர் இந்த இரண்டையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கேட்டபோது, கழுவிய நாணயத்தை மறுப்பில்லாமல் மாற்றிக் கொடுத்தார். காது வைத்ததை நானே வைத்துக்கொண்டேன், அது புழங்கிய நாணயம் என்பதற்கு அதுவும் சான்றுதான்.

விலையைப் பொறுத்தவரை, கெங்கார்ஜியின் ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளிகளுக்கு அவர் வைத்திருக்கும் மதிப்பு சற்று அதிகம். அவை சந்தையில் எளிதாகக் கிடைப்பவை. 1936ஆம் ஆண்டு நாணயங்களுக்கும் கையால் அடித்த பழைய கோரிக்கும் அவர் வைத்திருக்கும் மதிப்பு குறைவு. மொத்தத்தில் கணக்கு நேராகிவிடுகிறது. வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயங்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். அவற்றைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. இத்தொகுப்பின் முற்பாதி முழுவதும் அந்த வகையைச் சேர்ந்தது.

16 நாணயங்களையும் வாங்க இயலாதவர்கள், அதே வணிகரிடமோ வேறிடத்திலோ நான்கை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கலாம்: முசாஃபர் ஷா பெயரிட்ட, கையால் அடித்த பழைய கோரி, பகதூர் ஷா பெயரிட்ட தேசல்ஜியின் கோரி, 1936இன் எட்டாம் எட்வர்ட் கோரி, மதன்சிங்ஜியின் ஜெய் ஹிந்த் கோரி. முதலாவதில் இரு பக்க எழுத்தும் தெரிகிறதா என்று புகைப்படம் கேட்டுப் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள். ஆல்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளவும் அவர் சம்மதிக்கிறார்.